கப்பித்தான் பள்ளிவாசலின் கப்பல்காரர்: காதர் முகைதீன் மரைக்காயரை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பட்டர்வொர்த் ஆசிரியை | திங்கள், மாலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அடுத்த மாதம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வரலாற்று நடைக்கு அழைத்துப் போகிறோம். கையில் கொடுத்திருக்கும் வழிகாட்டித் தாளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நான்கு வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். 1801-இல் தொடங்கியது, முகலாயப் பாணிக் குவிமாடம், உலகப் பாரம்பரியத் தளம், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லவும். அதோடு சரி.

அதை நிறுவியவர் காதர் முகைதீன் மரைக்காயர். கப்பித்தான் என்றால் அரசு நியமித்த சமூகத் தலைவர், கெலிங் என்பது இந்தியரைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல், மரைக்காயர் என்பது கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பட்டம். சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கப்பல் வணிகர். தமிழர். இறக்கும்போது வீடுகளையும் நிலத்தையும் பொதுக்காரியத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர். இது எதுவும் அந்தத் தாளில் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பெரிதாக வாழ்ந்த தமிழர் பெயர் ஒன்றைச் சொல்லச் சொன்னால் சினிமா நடிகர் பெயர்தான் வருகிறது. எனக்கு இது மனத்தை உறுத்துகிறது. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி என்ன சொல்லலாம், எங்கே நிற்க வைத்துச் சொல்லலாம்? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஜெலுத்தோங் செல்வம் | திங்கள், மாலை 6.42

நல்ல காரியம் டீச்சர். இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

சூலியா தெருக்காரன் | திங்கள், இரவு 9.25

டீச்சர், பள்ளிவாசலில் தொடங்காதீர்கள். கடலில் தொடங்குங்கள்.

லெபோ பந்தாயில், அதாவது கடற்கரைத் தெருவில், பிள்ளைகளை நிறுத்தி, கிழக்குப் பக்கம் இருக்கும் வங்கிக் கட்டடங்களைக் காட்டுங்கள். காதர் முகைதீன் காலத்தில் அவற்றுக்குப் பின்னால் தண்ணீர்தான். இன்று பெரிப் படகு நிற்கும் வெல்ட் கீ பகுதி முழுவதும் 1880-களில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். ஆகவே அவர் தோணியிலிருந்து கால் வைத்த கரை இப்போதைய சாலைக்கு உள்ளே இருக்கிறது. அங்கிருந்து நேராக உள்ளே ஓடுவது சூலியா தெரு. பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் 1786-இல் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டு தெருக்கள் போட்டபோது அதற்கு மலபார் தெரு என்று பெயர். சூலியர் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் அங்கே கடை போட்டு நிரம்பிய பிறகு சூலியா தெரு ஆனது. ஊர் பிறந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு முழுத் தெரு நம்மவர்கள் பெயருக்கு வந்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும்.

இனி சரக்கு. பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. சுற்று ஊர்களின் தறித்துணி அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. அச்சுத்துணி, கைலி, நீலச்சாயத் துணி எல்லாம் கடல் தாண்டி இங்கே வரும். திரும்பும்போது பாக்கு, மிளகு, வெள்ளீயம், கற்பூரம் போகும். பாக்கு பெரும்பாலும் சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்து இங்கே கைமாறியது. கெடாவிலிருந்து யானைகளைக்கூட மரக்கலத்தில் ஏற்றிச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். யானையைக் கப்பலில் ஏற்றிய கதையைச் சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசையில் இருப்பவனும் முன்னால் வந்துவிடுவான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீராவி வருவதற்கு முன் பயணத் தேதியைக் காற்றுதான் வைத்தது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல். சோழமண்டலக் கரையில் ஒதுங்கத் துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் அந்த மாதங்களில் அங்கே நங்கூரம் போடவே அஞ்சும். பருவம் தவறினால் சரக்கும் ஆளும் இங்கேயே மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்த மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் தொழ ஓர் இடமும், தங்க ஒரு கூரையும், செத்தால் அடக்கம் செய்ய நிலமும் தேவைப்பட்டன. பள்ளிவாசல் எழுந்த காரணம் அங்கே இருக்கிறது.

தைப்பிங் மாறன் | திங்கள், இரவு 10.58

வரலாற்றில் ஆர்வம் உள்ளவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிவாசல் நிலம் யார் கொடுத்தது? கிழக்கிந்தியக் கம்பெனி. 1801-இல் 18 ஏக்கர். அதே ஆண்டில் இவரைச் சூலியர்களுக்குக் கப்பித்தான் ஆக்கியதும் கம்பெனிதான். தன் நிர்வாகச் செலவைக் குறைத்துக்கொள்ள, ஒவ்வொரு சமூகத்திலும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்துப் பொறுப்பை அவர் தலையில் வைப்பது அவர்கள் வழக்கம். சீனர்களுக்குக் கோ லே ஹுவான், நம்மவர்களுக்கு இவர்.

இன்னொன்று. லைட் 1794-இல் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரைக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருவதாகவும், அவர்கள் வியாபாரத்திலும் கூலி வேலையிலும் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அடுத்த கூட்டம் வருவதாகவும் குறிப்பிடுகிறார். அந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன் பெயரும் நமக்குத் தெரியாது. கப்பல் முதலாளியின் பெயர் மட்டும் தெருவாகவும் பள்ளிவாசலாகவும் நிற்கிறது. எங்கள் முன்னோர் பிற்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். வள்ளல் என்று சொல்லும் முன் அந்தத் தோணிகளின் அடித்தட்டில் கிடந்தவர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர்.

ஆயர் ஈத்தாம் கமலா | செவ்வாய், காலை 7.15

மாறன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1790-களில் வந்தவர்களையும் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்களையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. அவர்கள் வந்தார்கள், உழைத்தார்கள், திரும்பினார்கள் என்று லைட்டின் வாசகமே சொல்கிறது. திரும்ப முடியாமல் கிடந்தவர்கள் பின்னால் வந்த நம் பாட்டன்மார்.

சூலியா தெருக்காரன் | செவ்வாய், காலை 8.40

மாறன் அண்ணன், உங்கள் கேள்வியை மாணவர்கள் கேட்க வேண்டும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலம் கம்பெனியுடையது என்பதோடு கதையை நிறுத்திவிட்டால் அது பாதிதான்.

1801-இல் இந்த ஊரில் ஒழுங்கான நீதிமன்றம் கிடையாது. அரச சாசனத்தின் வழியாக இங்கே நீதிமன்றம் அமைந்தது 1807-இல். அதற்கு முன்பு சின்னச் சின்ன வழக்குகளைக் கப்பித்தான் வீட்டுத் திண்ணையில்தான் தீர்க்க வேண்டும். கடன் தகராறு, கூலி தராத தகராறு, கப்பலில் வந்து நோயில் இறந்தவனின் மூட்டையை ஊரில் யாருக்குச் சேர்ப்பது என்ற தகராறு. திருமணக் கணக்கும் பிறப்புக் கணக்கும் கப்பித்தான்களின் பொறுப்பு. மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய ஒருவனுக்குத் தன் மொழியில் முறையிட ஒரு வாசல் இருந்தது என்றால் அது சின்ன விஷயமா?

கம்பெனி நிலத்தைக் கொடுத்தது, கட்டடத்தைக் கொடுக்கவில்லை. கல்லையும் கொத்தர்களையும் இந்தியாவிலிருந்து வரவழைத்துக் கட்டியவர் காதர் முகைதீன். தம் சொந்தச் சொத்தை வக்ஃபாக, அதாவது அறத்துக்கென நிலையான கொடையாக, எழுதி வைக்கும்படி எந்தக் கம்பெனியும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அதிகாரத்தோடு ஒட்டி வாழ்ந்த பணக்காரர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

இன்னொரு செய்தி: இன்று படங்களில் பார்க்கும் குவிமாடங்கள் அவர் கட்டியவை அல்ல. 1916-ஐ ஒட்டி நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் பெரிதாக்கி அமைத்த தோற்றம் அது. ஆகவே அவரைத் தேட அந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை.

பழைய கம்போங் கோலம் | செவ்வாய், பிற்பகல் 1.30

காதர் முகைதீனின் கபர் (அடக்கத் தலம்) கம்போங் கோலத்தில், பக்கிங்ஹாம் தெருவுக்கு அருகில் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. 1834-இல் காலமானார்.

நாகூர் பேத்தி | செவ்வாய், இரவு 8.05

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

நான் இந்த இழையில் வீடுகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் விட்டுச்சென்றதில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

பள்ளிவாசலைக் கட்டிவிட்டால் கூரை ஒழுகும், எண்ணெய் வேண்டும், ஓதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், ஊர் பெயர் தெரியாத மையித்துக்கு (இறந்தவர் உடலுக்கு) அடக்கம் செய்யக் கஃபன் துணி வேண்டும். ஒருமுறை கொடுக்கும் பணம் தீர்ந்துவிடும். வாடகை மாதா மாதம் வரும். அதனால்தான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வீட்டையும் கடையையும் வக்ஃபு செய்தார்கள். அந்தச் சொத்தை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைகள் பங்கு கேட்க முடியாது. வருமானம் மட்டும் அறத்துக்குப் போகும். ஒரு வணிகரின் மூளையும் ஈரமும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று நான் இதைச் சொல்வேன். சரக்கு மூழ்கலாம், கப்பல் மூழ்கலாம் என்று வாழ்நாள் முழுவதும் பார்த்த ஆள், மூழ்காத ஒன்றில் தன் நன்மையைப் போட்டு வைத்தார்.

என் பாட்டியார் நாகப்பட்டினத்தில் ராஜுலா ஏறி வந்தவர். 1926-லிருந்து 1973 வரை அந்தக் கப்பல் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்ததாகச் சொல்வார்கள். பினாங்கில் இறங்கியவுடன் முதல் வேலையாகச் சூலியா தெருவிலிருக்கும் நாகூர் தர்காவில் பாத்திஹா ஓதினார்களாம். அதே தெருக்களில் பழைய வாடகை வீடு ஒன்றில்தான் என் தாயார் வளர்ந்தார். வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை சிறு கடைக்காரர்களும் தையல்காரர்களும் நகர நடுவில் வாழ முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு அந்தச் சட்டம் முடிந்தது. எங்கள் வீட்டு உரிமையாளர் கேட்ட வாடகை எங்களால் கொடுக்க முடியாத தொகை. சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரு அடுக்குமாடிக்குப் போனோம். அந்தத் தெருவில் எங்களைப் போலப் பல குடும்பங்கள் கலைந்தன. இப்போது அந்த வீடு ஒரு தங்கும் விடுதி.

அதனால் டீச்சர், வக்ஃபு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, சந்தை விலைக்கு ஆட்படாமல் ஒரு வீட்டை நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லுங்கள். அதை இழந்த பிறகுதான் எங்களுக்கு அது விளங்கியது.

கிரீன் லேன் வழக்கறிஞர் | செவ்வாய், இரவு 11.20

நாகூர் பேத்தி சகோதரியின் பதிவுக்குப் பிறகு சட்டத்தைப் பேசுவது வறட்சியாக இருக்கலாம். ஆனாலும் இந்தக் கதையில் நீதிமன்றத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

ஆங்கிலச் சட்டத்தில் ஒரு சொத்தை என்றென்றைக்குமாகக் கட்டிவைக்க அனுமதி கிடையாது. பொது அறத்துக்கு என்றால் மட்டும் விதிவிலக்கு. எது பொது அறம் என்பதையோ ஆங்கில நீதிபதி தீர்மானிப்பார். பள்ளிக்கூடம், வழிபாடு, ஏழைகள் என்றால் சரி. இறந்தவர் பெயரில் ஆண்டுதோறும் கந்தூரி எனும் நினைவு விருந்து போட்டு ஊரைச் சாப்பிட வைப்பது? அது குடும்பத்தின் சொந்த விஷயம், அறம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். 1871-இல் ஃபாத்திமா எதிர் லோகன் என்ற பினாங்கு வழக்கு. நூர்தீன் மரைக்காயர் என்ற இன்னொரு தமிழ் முஸ்லிம் செல்வந்தரின் உயில். முஸ்லிமின் உயிலாக இருந்தாலும் இங்கே இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பானது. சீனர்களுக்கும் இதே கதிதான். முன்னோர் வழிபாட்டுக்கு எழுதி வைத்த வீடு அறக்கொடை ஆகாது என்று 1875-இல் காலனிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் ப்ரிவி கவுன்சில் ஒரு பினாங்கு வழக்கில் சொன்னது.

நம் ஊர்களில் சோறு போடுவதுதான் அறத்தில் முதல் அறம். பசித்தவன் யார் என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே பந்தியில் பரிமாறினால்தான் ஏழை தலைநிமிர்ந்து சாப்பிடுவான். இந்த நுட்பம் அந்த நீதிபதிகளுக்குப் பிடிபடவே இல்லை. சட்டம் படித்தவனாக எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

அடுத்தது 1905. வக்ஃபுச் சொத்துகளைப் பொறுப்பாளர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்ற புகார்கள் பெருகியதால் அரசு ஒரு சட்டம் போட்டது. முஸ்லிம், இந்து அறக்கட்டளைகள் இரண்டையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. கப்பித்தான் பள்ளிவாசல் சொத்துகளும் அதற்குள் போயின. வாரியம் பழுது பார்த்தது, கணக்கு வைத்தது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடிசைகளை அகற்றித் தெருக்களைச் சீரமைத்தது. அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது மாறன் அவர்கள் கேட்கும் கேள்வியோடு சேர வேண்டிய கேள்வி.

ஜெலுத்தோங் செல்வம் | புதன், காலை 6.50

ஐயா, அந்த வாரியத்துக்கும் தண்ணீர்மலைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் இந்து அறப்பணி வாரியத்துக்கும் தொடர்பு உண்டா?

கிரீன் லேன் வழக்கறிஞர் | புதன், காலை 9.12

உண்டு தம்பி. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் முஸ்லிம் சொத்துகள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்துக்கும், இந்து சொத்துகள் தனி வாரியத்துக்கும் பிரிந்தன. அதுவரை பல பத்தாண்டுகள் பள்ளிவாசல் நிலமும் கோயில் நிலமும் ஒரே அலுவலகத்தின் கணக்கில் இருந்தன.

தைப்பிங் மாறன் | புதன், பிற்பகல் 12.45

இது எனக்குப் புதிய செய்தி. நன்றி ஐயா. தைப்பூசத்தில் காவடி பார்த்து வளர்ந்த நமக்குக் கப்பித்தான் பள்ளிவாசல் வேறு யாருடையதோ என்ற நினைப்புதான் வளர்க்கப்பட்டது. காதர் முகைதீன் பேசிய மொழி நம் மொழி என்பதையே பாடப் புத்தகத்தில் யாரும் சொல்லவில்லை. என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி விவாதிக்கும் உரிமை நம் எல்லாருக்கும் உண்டு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

மஞ்சக்கொல்லை ராமநாதன் | புதன், மாலை 5.30

வயதானவன். இத்தனை நாளும் படிக்க மட்டும் செய்தேன்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். சீதக்காதி யார்? கீழக்கரைக் கப்பல் வணிகர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர். அவர் காலமான பிறகு புலவரைத் தாங்கி அந்தக் காப்பியத்தைத் தொடர வைத்தவர் அபுல் காசிம் மரைக்காயர். அவர் எந்த ஊர்? பரங்கிப்பேட்டை! காதர் முகைதீன் பிறப்பதற்கு முன்பே அந்த ஊரில் கடலோடும் வணிகர் கையில் கொடை ஒரு கடமையாக வேரூன்றிவிட்டது. தமிழ்க் காப்பியம் ஒன்றுக்கு அரிசி போட்ட ஊரிலிருந்து வந்தவர்தான் இங்கே பள்ளிவாசலுக்கு வீடு எழுதி வைத்தார்.

அந்தக் கரை நிம்மதியான கரை அல்ல. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டைக்கு அருகில்தான் ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதின. வயலும் தறியும் நாசமாயின. லைட் பினாங்கில் கொடி ஏற்றியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. அந்தத் தலைமுறை கடலில் இறங்கியதற்குக் கரையில் நடந்ததும் ஒரு காரணம். நான் செட்டிநாட்டுக்காரன், எங்கள் ஆட்கள் இங்கே வட்டிக்கடை வைக்க வந்தது பின்னால்தான். துறைமுகத்தில் தமிழனுக்கு நாணயம் உண்டு என்ற பெயரை முதலில் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மரைக்காயர்கள். அதை நாங்கள் மறக்கக் கூடாது.

நாகூர் பேத்தி | புதன், இரவு 7.20

ஐயா, உங்கள் பதிவை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு து'ஆ (பிரார்த்தனை) செய்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம் கமலா | புதன், இரவு 8.00

அந்தக் கடல்வழி எப்படி நம்மவர்கள் கையை விட்டுப் போனது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள் டீச்சர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நீராவிக் கப்பல் வந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி போன்ற பெரிய நிறுவனங்கள் தபால் ஒப்பந்தத்தையும் பயணிகளையும் எடுத்துக்கொண்டன. பாய்மரம் வைத்திருந்த மரைக்காயர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. கப்பல் முதலாளிகளின் பேரன்கள் கரையில் கடைக்காரர்களாகவும் துறைமுகச் சேவைக்காரர்களாகவும் ஆனார்கள். ராஜுலாவுக்குப் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரமும் 1985-இல் தீப்பிடித்து நின்றுபோனது. அதோடு நம் மக்கள் கடல் வழியாக வந்துபோவதே முடிந்தது.

பட்டர்வொர்த் ஆசிரியை | வியாழன், மாலை 4.15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி நடையின் வரிசையை மாற்றிவிட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பஸ்ஸில் பாலம் வழியாகப் போவதாக இருந்தது. இப்போது பெரியில் போகிறோம், பிள்ளைகள் தண்ணீர் வழியாகவே ஊருக்குள் நுழையட்டும். முதலில் லெபோ பந்தாய். பழைய கரை எங்கே இருந்தது என்று சாக்கட்டியால் கோடு போட வைப்பேன். அப்புறம் சூலியா தெரு வழியாக நாகூர் தர்கா. பிறகு பள்ளிவாசல். அங்கே மாறன் அண்ணனின் கேள்வியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கப்போகிறேன்: கப்பலில் வந்த மற்றவர்களின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை? பதிலை அவர்களே பேசட்டும். கடைசியாகக் குயீன் தெரு மகா மாரியம்மன் கோயில். இரண்டு இடங்களின் நிலமும் ஒரே வாரியத்தில் இருந்ததை அங்கே சொல்வேன்.

ஒரு சந்தேகம். கபர் இருக்கும் இடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகலாமா? பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். யாருக்கும் சங்கடம் வராதே?

பழைய கம்போங் கோலம் | வியாழன், மாலை 6.02

தாராளமாக வாருங்கள் டீச்சர். தெருவில் நின்று பார்க்கலாம், உள்ளே போக விரும்பினால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்ஆ நேரத்தில் சுற்று வட்டாரத்தில் நடக்க இடம் இருக்காது. பள்ளிவாசலில் மாணவிகளுக்கு அங்கியும் தலைத்துணியும் கொடுப்பார்கள். வெயில் ஏறும் முன், காலை ஒன்பது மணிக்குள் கம்போங் கோலம் வந்துவிட்டால் நல்லது. நானும் வந்து நிற்கிறேன், பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீரும் பலகாரமும் என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள்.

தைப்பிங் மாறன் | வியாழன், இரவு 9.30

நாள் குறித்ததும் இங்கே போடுங்கள் டீச்சர். தைப்பிங்கிலிருந்து நானும் வருகிறேன். அந்த அட்டைக்குப் பிள்ளைகள் சொல்லும் பதிலை நேரில் கேட்க வேண்டும்.